பத்து இணைப்புகள் போதும்

ஜாவாவில் எழுதிய ஒரு செயலி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடம் ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் ஒரே வரி. இண்டெக்ஸ் இருந்தால் ஒரு மில்லிசெகண்ட் ஆவதற்குள் தரவுத்தளம் அதை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க முதலில் ஓர் இணைப்பு வேண்டும். அது உருவாவதற்குள் இரண்டு கணினிகளும் எத்தனை முறை மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் டிசிபி. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலம் போகும், அந்தப் பக்கத்திலிருந்து ஒப்புதல் வரும். ஒரு சுற்று முடிந்தது. அடுத்து, "மறையாக்கம் செய்து பேசலாமா?" என்று செயலி 8 பைட் நீளமுள்ள ஒரு செய்தியை அனுப்புகிறது. தரவுத்தளம் திருப்பி அனுப்புவது ஒரே ஓர் எழுத்து: 'எஸ்' என்றால் சரி, 'என்' என்றால் முடியாது. அந்த ஓர் எழுத்துக்காக இரண்டாவது சுற்று. பிறகு டிஎல்எஸ் முறைப்படி இருவரும் சாவிகளை முடிவு செய்துகொள்ள வேண்டும். 1.3 பதிப்பில் அதற்கு ஒரு சுற்று, பழைய 1.2 பதிப்பில் இரண்டு. அதன் பிறகுதான் "நான் இன்னார், எனக்கு இந்தத் தரவுத்தளம் வேண்டும்" என்று செயலி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. உடனே கடவுச்சொல் கேட்கப்படுகிறது. 2021-ல் வந்த 14-ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் இதற்கு இயல்பாகப் பயன்படுத்துவது ஸ்க்ராம் என்ற முறை. இதில் கடவுச்சொல் கம்பியில் போகாது. அதைத் தெரிந்து வைத்திருப்பதற்கான நிரூபணம் மட்டுமே போகும். அந்த நிரூபணத்தைத் தயாரிக்க ஹாஷ் கணக்கை வழக்கமாக 4096 முறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். கடவுச்சொல்லை ஊகித்துத் திருட வருபவனுக்குச் செலவு ஏற வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கணக்கு இது. நியாயமாக உள்ளே வருகிறவரும் அதே விலையைக் கொடுத்தாக வேண்டும். அறிமுகத்தில் தொடங்கி அனுமதி கிடைப்பது வரை மூன்று சுற்றுகள்.

ஆக மொத்தம் ஆறு. கேட்க வந்த கேள்விக்கு ஒரே சுற்று.

இரண்டு கணினிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஆறு சுற்றும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 1000 கிலோமீட்டர் இடைவெளி இருந்தால் கதை வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட், ஆறு சுற்றுக்கு 60. இது இயற்பியல் போட்ட எல்லை. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் இது குறையாது.

தரவுத்தளக் கணினிக்குள் நடக்கும் வேலை இதற்கு மேல். போஸ்ட்கிரெஸின் வாசலில் போஸ்ட்மாஸ்டர் என்ற ஒரு ப்ராசஸ் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் அது தன்னை நகலெடுத்து ஒரு தனி ப்ராசஸை உருவாக்கி, வந்தவரை அதனிடம் ஒப்படைத்துவிடும். புதிதாகப் பிறந்த அந்த ப்ராசஸுக்கு எந்த அட்டவணையில் என்னென்ன பத்திகள் இருக்கின்றன என்பதுகூடத் தெரியாது. கேள்விகள் வர வரத்தான் அது தெரிந்துகொள்ளும். அதனால்தான் புது இணைப்பில் கேட்கிற முதல் கேள்வி கொஞ்சம் இழுக்கும். மைஎஸ்கியூஎல் இணைப்புக்கு ஒரு த்ரெட் ஒதுக்கி இதைக் கொஞ்சம் மலிவாக்குகிறது. ஆனாலும் கடவுச்சொல் சரிபார்ப்பும் சுற்றுகளும் அங்கேயும் உண்டு.

1997-ல் ஜேடிகே 1.1 உடன் ஜேடிபிசி வெளிவந்தபோது ஜாவா நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசிய விதம் எளிமையானது. டிரைவர்மேனேஜரிடம் இணைப்பு வாங்கு, கேள், மூடு. ஒரே ஆள் மேசையில் உட்கார்ந்து நாள் முழுதும் பயன்படுத்தும் நிரலுக்கு இது போதுமானதாக இருந்தது. இணையப் பக்கங்கள் வந்த பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இணைப்பு, பக்கம் முடிந்ததும் அதை மூடு என்று எழுதிய செயலிகள், உண்மையான வேலையைவிட வந்தோம் போனோம் என்பதிலேயே அதிக நேரத்தைச் செலவழித்தன. வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற அப்ளிகேஷன் சர்வர்கள் இந்தப் பொறுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. சர்வர் தொடங்கும்போதே சில இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளும். கேட்கிற த்ரெட்டுக்கு ஒன்றைக் கொடுக்கும், வேலை முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்ளும். இதுதான் கனெக்ஷன் பூல். தொடர்ந்து 1990களின் இறுதியில் ஜேடிபிசி 2.0 டேட்டாசோர்ஸ் என்ற இடைமுகத்தைக் கொண்டுவந்தது. நிரலுக்குள் ஒரு பெயர் மட்டும் இருந்தால் போதும். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த முகவரி, எந்தக் கடவுச்சொல், எத்தனை இணைப்புகள் என்பதைச் சர்வரை நிர்வகிப்பவர் முடிவு செய்வார்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. நிரல் எழுதியவர் வழக்கம்போல வேலை முடிந்ததும் 'க்ளோஸ்' என்று அழைக்கிறார். எதுவும் மூடப்படுவதில்லை. அவர் கையில் இருப்பது நிஜ இணைப்பே இல்லை, அதைச் சுற்றிய ஓர் உறை. உறையின் 'க்ளோஸ்' உள்ளே இருக்கும் இணைப்பைப் பூலிடம் திருப்பிக் கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன் அதைத் துப்புரவு செய்ய வேண்டும்: முடிக்காமல் விட்ட பரிவர்த்தனை இருந்தால் ரத்து செய்து, ஆட்டோகமிட் போன்ற அமைப்புகளைப் பழைய நிலைக்கு மாற்றி வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத பூல், முன்னால் பயன்படுத்தியவரின் பாதி வேலையை அடுத்தவரின் பரிவர்த்தனைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இப்படிப்பட்ட பிழையைப் பரிசோதனைக் கூடத்தில் பிடிப்பது கஷ்டம். நிஜ நெரிசலில்தான் அது தலைகாட்டும்.

பூல்களில் பல தலைமுறைகள் வந்துவிட்டன. அப்பாச்சியின் டிபிசிபி, சி3பி0, டாம்கேட்டின் சொந்தப் பூல் எனப் பட்டியல் நீளும். இன்று பெரும்பாலான ஜாவாக்காரர்கள் கையில் இருப்பது ப்ரெட் வூல்ட்ரிட்ஜ் உருவாக்கிய ஹிகாரிசிபி. 2018-ல் வந்த ஸ்பிரிங் பூட் 2.0 அதையே இயல்பாக ஏற்றுக்கொண்டது. அதன் உள்ளே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நிலை எண் இருக்கிறது. 0 என்றால் சும்மா இருக்கிறது, 1 என்றால் வேலையில் இருக்கிறது. இணைப்பு தேடி வரும் த்ரெட், தான் முன்பு பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தது சும்மா இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால், '0 ஆக இருந்தால் 1 ஆக மாற்று' என்று ஒரே அடியில் அதை எடுத்துக்கொள்ளும். பூட்டுப் போட்டுத் திறக்கும் வேலை இல்லை. அது சும்மா இல்லையென்றால் பொதுப் பட்டியலைப் பார்க்கும். அங்கேயும் இல்லையென்றால் காத்திருக்கும். யாராவது திருப்பிக் கொடுத்ததும் அது காத்திருப்பவர் கைக்கே போய்ச் சேரும்.

இந்த ஹிகாரியில் பூலின் அதிகபட்ச அளவு இயல்பாக 10. இணையக் கோரிக்கைகளை வாங்கும் டாம்கேட் சர்வர் ஒரே நேரத்தில் இயல்பாக 200 த்ரெட்கள் வரை ஓட்டும். 200 பேர் வரக்கூடிய இடத்தில் 10 இணைப்புகளா? புதிதாகப் பார்க்கும் எவரும் இதைத் தவறு என்றே நினைப்பார்கள். நெரிசல் நேரத்தில் "இணைப்பு கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்தும் பயனில்லை" என்ற பிழை லாகில் வந்ததும், பல அலுவலகங்களில் எடுக்கும் முதல் நடவடிக்கை அந்த 10-ஐ 100 ஆக்குவது. அதுவும் போதவில்லை என்றால் 500. நோய் இன்னதென்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இது. பெரும்பாலும் நோயை முற்றவைக்கும் மருந்தும்கூட.

ஆரக்கிள் நிறுவனத்தின் செயல்திறன் ஆய்வுக் குழு இதை ஒரு காணொளியில் செய்து காட்டியது. 9600 த்ரெட்கள் தரவுத்தளத்தை நெருக்குகின்றன. பூலின் அளவு 2048. ஒவ்வொரு கோரிக்கையும் இணைப்புக்காகச் சுமார் 33 மில்லிசெகண்ட் காத்திருந்தது, இணைப்பு கிடைத்த பிறகு எஸ்கியூஎல் முடிய இன்னும் 77 மில்லிசெகண்ட் ஆனது. பிறகு வேறு எதையும் தொடாமல் பூலை மட்டும் 96-க்குக் குறைத்தார்கள். எஸ்கியூஎல் நேரம் 2 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. காத்திருப்பு 1 மில்லிசெகண்ட் ஆனது. இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். கதவைச் சிறிதாக்கினால் வெளியே வரிசை நீளும் என்றுதான் மனம் சொல்லும். உள்ளே போனவர்கள் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்ததால் வரிசையே கரைந்துவிட்டது.

காரணம் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு சிபியு கோர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நான்கு கோர் உள்ள கணினியில் 200 கேள்விகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்றால், 200-க்கும் துளித் துளியாக நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். ஒரு தோசைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே மாஸ்டர், நாலு தோசைக்கல். வந்த எல்லார் தோசையையும் ஒரே நேரத்தில் ஊற்றித்தான் ஆவேன் என்று மாவைப் பாதி பாதியாக எடுத்து வைத்துக்கொண்டு திரிந்தால், முதல் தோசையே வெளியே வராது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கோர் தன் அருகே வைத்திருந்த தரவுகளை இழந்து மறுபடி நினைவகத்திலிருந்து எடுத்து வருகிறது. இதைவிடப் பெரிய சேதம் பூட்டுகளால் வருவது. ஒரு பரிவர்த்தனை அட்டவணையின் ஒரு வரியை மாற்றினால் முடியும்வரை அதைப் பூட்டி வைத்திருக்கும். தனியாக ஓடினால் 2 மில்லிசெகண்டில் விட்டுவிடக்கூடிய பூட்டை, கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் 100 மில்லிசெகண்ட் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் காத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

அப்படியானால் எத்தனை இணைப்புகள் சரி? போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் ஒரு வழிகாட்டி சூத்திரம் உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, சுழலும் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு கோர், ஒரு வட்டு என்றால் 9. இரண்டால் பெருக்குவது ஏனென்றால், ஒரு கேள்வி வட்டுக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று அந்தக் கோரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எஸ்எஸ்டி வந்த பிறகு அந்தக் காத்திருப்பு குறைந்துவிட்டது. ஆகவே எண்ணிக்கையும் குறைய வேண்டுமே தவிரக் கூடக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தரவுத்தளத்தின் பக்கம் இருந்து இப்படி ஒரு மேல் எல்லை கிடைக்கிறது. செயலிக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல இன்னொரு கணக்கு இருக்கிறது. 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிய விதி அது: ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, விநாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். விநாடிக்கு 500 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் இணைப்பை 10 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறது என்றால், சராசரியாக வேலையில் இருப்பவை 5 இணைப்புகள். பத்து தாராளம். அதே செயலியில் ஓர் இண்டெக்ஸ் விட்டுப்போய்க் கேள்வி 200 மில்லிசெகண்ட் எடுக்க ஆரம்பித்தால் தேவை 100 ஆகிவிடும். லாகில் தெரிவது "இணைப்பு இல்லை" என்ற புகார். கோளாறு இருப்பது எஸ்கியூஎல்லில்.

இதே கணக்கு இன்னொரு பழக்கத்தையும் காட்டிக் கொடுக்கும். பரிவர்த்தனையைத் தொடங்கி, ஆர்டரைப் பதிவு செய்து, இணைப்பைக் கையில் பிடித்தபடியே பணம் செலுத்தும் சேவையை இணையம் வழியாக அழைப்பது. அங்கே பதில் வர 3 விநாடி ஆகிறது. விநாடிக்கு 20 ஆர்டர்கள் என்றால் 60 இணைப்புகள் எந்த வேலையும் செய்யாமல் சிறைப்பட்டுக் கிடக்கும். வெளியே அழைக்கும் வேலையைப் பரிவர்த்தனைக்கு வெளியே எடுத்து வைத்தால், அந்தத் தேவை ஒன்றுக்கும் கீழே இறங்கும். பூலின் அளவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று அழுத்திச் சொல்வேன்.

கணினிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதே கேள்வியோடு போராடியவர் ஒருவர் இருக்கிறார். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த கணிதவியலாளர் அக்னர் க்ராரூப் எர்லாங். ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள், பொதுவான சில கம்பிகள். எத்தனை கம்பி போட்டால் பெரும்பாலான அழைப்புகள் தடையின்றிப் போகும்? அழைப்புகள் வரும் விதத்தில் உள்ள தற்செயலை 1909-ல் கணிதத்தில் வடித்தார். காத்திருப்புக்கும் தவறிப்போகும் அழைப்புக்குமான சூத்திரங்களை 1917-ல் வெளியிட்டார். அந்தச் சூத்திரங்களிலிருந்து கிடைக்கும் ஒரு முடிவு நமக்கு நேராகப் பொருந்துகிறது: பொதுவாக வைத்த ஒரே தொகுப்பு, அதே எண்ணிக்கையைப் பிரித்துப் பலருக்குக் கொடுத்த சின்னத் தொகுப்புகளைவிடச் சிறப்பாக வேலை செய்யும். ஒருவர் பங்கு சும்மா கிடக்கும்போது மற்றொருவர் வரிசையில் நிற்க வேண்டிய நிலை வராது.

இன்றைய மைக்ரோசர்வீஸ் அமைப்புகள் இதற்கு நேர் எதிராக இருக்கின்றன. ஒரு செயலியின் 10 பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் 10 இணைப்புள்ள தனிப் பூல். மொத்தம் 100. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பும் 100, அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. 98-ஆவதாக வரும் இணைப்புக்கு "மீதி இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை" என்ற மறுப்புச் செய்திதான் கிடைக்கும். புதுப் பதிப்பை ஏற்றும்போது பழைய பிரதிகளும் புதியவையும் சில நிமிடம் சேர்ந்தே ஓடும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த அமைப்பு அந்த நிமிடங்களில் விழுவதற்கு இதுவே போதும். இப்படிப்பட்ட இடங்களில் பிஜிபவுன்சர் போன்ற பொதுவான பூலைத் தரவுத்தளத்துக்கு முன்னால் நிறுத்துவது எர்லாங்கின் வழிக்குத் திரும்புவதுதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பூலுக்கு நோய்கள் வரும். முதலாவது, கசிவு. நிரலில் பிழை ஏற்படும் பாதை ஒன்றில் 'க்ளோஸ்' அழைக்கப்படாமல் போகிறது. அந்தப் பிழை பத்தாவது முறை நிகழும்போது பூலில் ஒன்றும் மிஞ்சாது. அதன் பிறகு, எந்தத் தப்பும் செய்யாத வேறு பக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கும். குற்றம் ஓர் இடத்தில், அலறல் வேறு இடத்தில். இதற்காகவே ஹிகாரியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: இணைப்பை வாங்கும் தருணத்திலேயே, நிரலின் எந்த வரியிலிருந்து வாங்கப்பட்டது என்ற தடயத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் அந்தத் தடயத்தை லாகில் எழுதும். 2011-ல் ஜாவா 7 கொண்டுவந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் முறையில் எழுதினால் பெரும்பாலான கசிவுகள் பிறக்கவே பிறக்காது.

இரண்டாவது, செத்த இணைப்பு. மைஎஸ்கியூஎல் 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் தானாக மூடிவிடும். மாலையில் அலுவலகம் பூட்டி, காலையில் முதலில் உள்ளே வருபவருக்கு மட்டும் பிழை வந்து, அவர் மறுபடி முயன்றால் சரியாகிவிடும் வினோதம் இதனால்தான். மைஎஸ்கியூஎல் முறையாக மூடியாவது விடுகிறது. நடுவில் இருக்கும் ஃபயர்வால் யாரிடமும் சொல்லாமல் இணைப்பை மறந்துவிடும். இரு முனைகளும் இன்னும் இணைந்திருப்பதாகவே நம்பும். லினக்ஸ் இயல்பாக 7200 விநாடி கழித்துத்தான், அதுவும் கேட்டுக்கொண்டால் மட்டுமே, உயிரோடு இருக்கிறாயா என்று விசாரிக்கும். அதனால் பூல் தன் இணைப்புகளுக்கு ஆயுள் குறித்துக்கொள்கிறது. ஹிகாரியில் அது 30 நிமிடம். எல்லாம் ஒரே கணத்தில் காலாவதியாகி, ஒரே கணத்தில் புதியவை திறக்க வேண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் ஆயுளிலும் வெவ்வேறாகச் சிறிதளவு கழித்துக்கொள்ளும். சிறிய விஷயம்தான், ஆனால் நெரிசலை அனுபவித்தவர் மட்டுமே யோசிக்கக்கூடிய விஷயம்.

மூன்றாவது, பூலுக்குள்ளேயே விழும் முட்டுக்கட்டை. ஒரு கோரிக்கை ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கிறது. உள்ளே தனிப் பரிவர்த்தனை ஒன்று திறந்து தணிக்கைக் குறிப்பு எழுதும் நிரல்கள் இப்படித்தான் செய்யும். பத்து த்ரெட்கள் ஒரே நேரத்தில் தலா ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தால், பத்தும் நேரம் முடியும்வரை அசையாது. இதற்குக் கணக்கு தெளிவானது: ஒன்றுக்கு மேல் தேவைப்படும் இணைப்புகளின் எண்ணிக்கையைத் த்ரெட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் போதும். பத்து த்ரெட், தலா இரண்டு என்றால் 11. அந்தக் கடைசி ஓர் இணைப்பு யாராவது ஒருவரை முடிக்க வைக்கும், அவர் விட்டது அடுத்தவரை முடிக்க வைக்கும்.

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21 இந்தக் கணக்குகளை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதில் நிலைபெற்ற விர்ச்சுவல் த்ரெட்கள் அவ்வளவு மலிவானவை, பல்லாயிரக்கணக்கில் உருவாக்கலாம். டாம்கேட்டின் 200 என்ற எல்லை இத்தனை நாளும், யாரும் அப்படி நினைத்து வைக்காமலேயே, பூலுக்கு முன்னால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தி வந்தது. விர்ச்சுவல் த்ரெட்டுக்கு மாறியதும் அந்த எல்லை போய்விடுகிறது. 10,000 பேர் நேராகப் பூலின் முன்னால் வந்து நிற்கலாம். தரவுத்தளத்தின் கோர்கள் அதே நான்குதான்.

அப்போது கவனிக்க வேண்டியது பூலின் அளவைவிட, காத்திருக்கும் நேரத்தின் அளவு. ஹிகாரி இயல்பாக 30 விநாடி காத்திருக்க விடுகிறது. இணையப் பக்கத்துக்கு இது மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. பத்தாவது விநாடியிலேயே பயனர் பொறுமையிழந்து ரிஃப்ரெஷ் அழுத்தியிருப்பார். பழைய கோரிக்கையும் வரிசையில், புதியதும் வரிசையில். இருபத்தைந்தாவது விநாடியில் பழையதற்கு இணைப்பு கிடைக்கும்போது, யாரும் பார்க்கப்போகாத ஒரு பக்கத்துக்காகத் தரவுத்தளம் உழைக்கும், அந்த நேரத்தில் புதியது இன்னும் பின்னுக்குப் போகும். காத்திருப்பை 2 அல்லது 3 விநாடியில் வெட்டினால், பயனருக்குப் பிழைச் செய்தி உடனே போய்விடும், அந்த வீண் கேள்வி தரவுத்தளத்தின் பக்கமே வராது.